அம்பாசடர் 1489 பெட்ரோல்: 3ஆவது பிஸ்டன் போரில் (சிலிண்டர் துளையில்) பிடிச்சுக்கிச்சு, பிளாக் கெடாம எப்படி எடுப்பது?

மார்க்2_கோவை:

வணக்கம். வண்டி அம்பாசடர் மார்க் 2. எஞ்சின் பழைய 1489 சிசி பிஎம்சி பெட்ரோல், பின்னாடி வந்த இசுஸு இல்லை. பல வருஷம் ஷெட்டில் நின்ன வண்டி. எஞ்சினை இறக்கி, கியர்பாக்ஸைப் பிரிச்சு, ஸ்டாண்டில் மாட்டியாச்சு. ஹெட்டும் கழட்டியாச்சு. இப்போதைய நிலைமை:

ஃப்ளைவீலைக் கையால் திருப்பினால் ரிங் கியர் பல்லில் மொத்தம் 15 மி.மீ. முன்னும் பின்னும் ஆடுது. அப்புறம் சுவத்துல முட்டின மாதிரி நின்னுடுது.

1, 4 பிஸ்டன்கள் மேலே. 2, 3 கீழே. வெர்னியரில் அளந்தால் பிளாக் மட்டத்திலிருந்து 89 மி.மீ. ஆழம், அதாவது அடிமட்டத்தில் நிக்குது.

1, 4 போர் சுத்தம். 2இல் லேசா டீத்தூள் நிறத்தில் துரு. 3இல்தான் பிரச்சினை: மேலிருந்து 25 முதல் 40 மி.மீ. வரை ஒரு பக்கம் பொருக்குத் தட்டின துரு, பிஸ்டன் தலையில் சாக்லேட் நிறச் சேறு. தலையில் 020 என்று குத்தியிருக்கு.

2, 3இல் டீசல் ஊத்தி ரெண்டு நாள் ஆச்சு. ஒரு அசைவும் இல்லை. ஃப்ளைவீலில் பட்டையைப் போல்ட் பண்ணி நாலடி பைப் மாட்டி இழுத்தா வந்துடும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். செய்யலாமா?

---

கிராங்க்கேஸ்:

பைப்பைத் தூக்கி ஓரமா வைங்க தம்பி. வேற எந்த நிலையில் நின்னிருந்தாலும் மெதுவா முயற்சி பண்ணிப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். உங்க பிஸ்டன்கள் நிக்கிற இடத்தில் கூடவே கூடாது.

காரணம் அந்த 15 மி.மீ. ஆட்டத்திலேயே இருக்கு. அது கிராங்க் சுமார் 3 டிகிரி இந்தப் பக்கம், 3 டிகிரி அந்தப் பக்கம் திரும்புற அளவு. பிஸ்டன் அடிமட்டத்தில் நிக்கும்போது கிராங்க் 3 டிகிரி திரும்பினா பிஸ்டன் ஏற வேண்டியது வெறும் 0.04 மி.மீ.தான். கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை (பிக் எண்ட்) பேரிங் ஷெல்லில் இருக்கிற இடைவெளியே அதை விழுங்கிடும். அதனால பிஸ்டன் அசையாமலே கிராங்க் ஆடுது. இதில் ஒரு நல்ல செய்தி: மெயின் பேரிங் பிடிக்கலை, கிராங்க் ஃப்ரீ. பிடிச்சிருக்கிறது பிஸ்டன்தான்.

கெட்ட செய்தி, அதே இடத்தில் நெம்புகோல் கணக்கு தலைகீழா வேலை செய்யும். நாலடி பைப் முனையில் 50 கிலோ பாரத்தில் தொங்கினா கிராங்கில் கிட்டத்தட்ட 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., அதில் பாதி 44.45. மூணு டிகிரியில் அந்த முறுக்கு கனெக்டிங் ராடு வழியா போகும்போது 25 டன்னைத் தாண்டும். பிஸ்டன் வரலைன்னா ராடு வளையும், இல்லைன்னா கேப் போல்ட் நீளும். ராடு அரை மில்லி வளைஞ்சிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது பிஸ்டன் போட்டு ஓட்டின பிறகு ஒரு பக்கமா தேய்ஞ்ச ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) பாத்துதான் தெரியும்.

நாலு பிஸ்டனையும் கிராங்கிலிருந்து பிரிச்சுடுங்க. பிரச்சினை ஒரு போருக்குள்ள அடங்கிடும்.

எஞ்சின் ஜாமா இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு: ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் முன்பக்கக் கிராங்க் கப்பி போல்ட்டையும் இப்பவே தளர்த்தி வைங்க. கிராங்க் ஃப்ரீ ஆனதும் பிடிமானம் இல்லாம சுத்தும், அப்போ அந்த முன் போல்ட் உயிரை வாங்கும். பூட்டு வாஷரின் மடக்கை நிமிர்த்திட்டு, ரிங் ஸ்பேனர் போட்டுச் சுத்தியலால் சுருக்குன்னு ஒரு தட்டு. இங்கேயும் நீள பைப் வேண்டாம்.

பிறகு சம்பை (அடி எண்ணெய்த் தொட்டி) கழட்டுங்க. பிறகு பிக் எண்ட் கேப். கேப்பைத் தொடும் முன் ராடிலும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்துங்க, 1க்கு ஒண்ணு, 2க்கு ரெண்டு. இந்த எஞ்சினில் பிக் எண்ட் நேரா இல்லாம சாய்வா பிளந்திருக்கும். ராடும் ஒரு பக்கம் தள்ளி வடிச்சது, ஒரு சிலிண்டருடையது பக்கத்துச் சிலிண்டருக்கு ஆகாது. கேப் மாறினா ஷெல் ஒரு ஓரத்தில் மட்டும் உக்காரும்.

1, 4ஐ மேல்பக்கம் தள்ளி எடுங்க. பிஸ்டனும் ராடும் மேல்வழியாத்தான் வரும். 2, 3இன் கேப்பையும் கழட்டி, டைமிங் கவர், செயின், மெயின் கேப்கள் எல்லாம் எடுத்துக் கிராங்கையே இறக்கிடுங்க. எப்படியும் அது அளவு பாக்க லேத்துக்குப் போகணும்.

ஒரு சந்தேகம் வரும், 1, 4 சுத்தமா இருக்க 3க்கு மட்டும் ஏன் இப்படின்னு. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை) 1-3-4-2. 2உம் 3உம் அடியில் நிக்கும்போது ஒண்ணுக்கு எக்ஸாஸ்ட் வால்வும் இன்னொண்ணுக்கு இன்லெட் வால்வும் திறந்திருக்கும். அதோட 2, 3 ரெண்டுக்கும் எக்ஸாஸ்ட் போர்ட் பொது. சைலன்சர் வழியா ஒவ்வொரு மழைக்காலமும் ஈரக்காத்து உள்ள போயிருக்கும். பிஸ்டன் கீழே இருந்ததால போரின் முழு நீளமும் அதுக்குத் திறந்து கிடந்திருக்கு. ஆனா பொருக்கு ஒரு பக்கமா, ஒரு பட்டையா மட்டும் இருக்கு என்கிறீங்க. அந்தப் பக்கம் ஹெட் கேஸ்கெட்டில் தண்ணி ஓட்டைக்கும் போருக்கும் நடுவே கருப்பு வழிச்சல் இருக்கான்னு பாருங்க. கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுடலையே?

---

லேத்_மேசை:

அண்ணன் சொன்னதுதான் வழி. கிராங்க் வெளிய வந்த பிறகு 3ஐ எடுக்கிற முறையை நான் சொல்றேன்.

எல்லாரும் செய்யிற தப்பு, மேல வரணும்னு நேரா மேலயே அடிக்கிறது. உங்க பிஸ்டனுக்கு மேலே 89 மி.மீ. துருப்பிடிச்ச போர். அதுக்குக் கீழே இருக்கிற போர் இத்தனை வருஷமும் எண்ணெய்ப் பிசுக்கோட மூடிக் கிடந்தது, சுத்தமா இருக்கும். அதனால முதல் அசைவு கீழ்நோக்கி. ரெண்டு மூணு மில்லி இறங்கினா போதும், பிஸ்டன் ரிங்கைப் பிடிச்சிருக்கிற துரு உடைஞ்சிடும். 5 மி.மீ.க்கு மேல இறக்கிடாதீங்க. ரிங் போரின் அடி விளிம்பைத் தாண்டினா விரிஞ்சு வெளிய நிக்கும், திரும்ப மேல ஏத்த முடியாது.

ஊற வைக்கிறது. டீசல் வேலைக்கு ஆகாது, ஊடுருவுறது மெதுவு. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் (ஏடிஎஃப்) பாதி, அசிட்டோன் பாதி. பெயின்ட் கடையில் அசிட்டோன் கிடைக்கும். முதல்ல டீசலையும் சேத்தையும் துணியால் ஒத்தி எடுத்துடுங்க. இந்த போருக்கு 40 மி.லி. ஊத்தினா தலைக்கு மேல ஒரு செ.மீ. நிக்கும். ரெண்டும் கலக்காம பிரியும், ஊத்துறதுக்கு முன்னாடி பாட்டிலை நல்லா குலுக்குங்க. மேலே ஒரு தட்டு போட்டு மூடுங்க, இல்லைன்னா அசிட்டோன் காத்தோட போயிடும். பக்கத்தில் பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் ஆகாது.

ஒரு ஈர்க்குச்சியை நிறுத்திவெச்சு மட்டத்தை அடையாளம் போடுங்க. மறுநாள் மட்டம் கணிசமா இறங்கி, கீழ ஸ்கர்ட்டுக்கு அடியில் சிவப்பா கசிஞ்சிருந்தா வழி கிடைச்சிருக்குன்னு அர்த்தம். துளிகூட இறங்கலைன்னா ரிங் சுத்தி முழுக்க அடைச்சிருக்கு, இன்னும் நாலஞ்சு நாள் பொறுங்க. தினமும் ஒருமுறை மரக்கட்டையை வெச்சு ஒரு தட்டு தட்டினா அதிர்வில் எண்ணெய் இறங்கும்.

மேல் போரைச் சுத்தம் பண்றது. இதைத் தள்றதுக்கு முன்னாடியே முடிக்கணும். பிஸ்டன் ஓரத்தில் சுத்தி கிரீஸ் அப்புங்க, விழுற தூள் அதில் ஒட்டிக்கும். பொருக்கை மழுங்கின ஸ்கிரேப்பரால் எடுத்துட்டு, 180 எமரி, பிறகு 240, டீசல் தொட்டு. போரின் உச்சியில் ரிங் போகாத இடத்தில் நகத்தால் தடவினா ஒரு படி தட்டும், தேய்மானப் படி. அதையும் சீவிடுங்க. விட்டா முதல் ரிங் அங்க மாட்டி பிஸ்டனின் ரிங் மேடை உடையும்.

தள்றது. பிளாக்கை நேரா நிறுத்தி, அடியில் ரெண்டு மரச்சட்டம் கொடுத்து, ராடு தொங்க இடம் விடுங்க. ராடின் பிக் எண்டில் பழைய ரேடியேட்டர் ஹோஸ் துண்டு மாட்டினா போரைக் கீறாது. மேலே வைக்கிற கட்டை நல்ல வேலம் அல்லது தேக்கு, லேத்தில் கடைஞ்சு 70 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம். விட்டம் முக்கியம். போர் 73 மி.மீ. சொச்சம், கட்டை அதை நிறைக்கணும். சின்னக் கட்டையோ இரும்புத் தண்டோ வெச்சு நடுவில் அடிச்சா அலுமினியத் தலை குழிஞ்சு ஓரம் விரியும், பிடி இன்னும் இறுகும்.

ஒன்றரைக் கிலோ சுத்தியல். பெரிய அடி வேண்டாம், சீரான அடி. பத்து அடிக்கு ஒருமுறை வெர்னியரில் ஆழம் பாருங்க, நாலு திசையிலும். 0.1 மி.மீ. மாறினாலே ஜெயிச்சாச்சு. காதுக்கும் தெரியும்: பிடிச்சிருக்கும்வரை பிளாக்கே மணி மாதிரி ஒலிக்கும், விட்டுக்கொடுத்ததும் சத்தம் செத்துடும்.

சூடும் குளிரும். தட்டியும் வரலைன்னா இது. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். பிஸ்டன் தலையில் கேஸ் விளக்கைக் காட்டினா பிஸ்டன்தான் முதலில் பெருத்து இறுகும். நமக்கு வேண்டியது பிளாக் சூடு, பிஸ்டன் குளிர். அசிட்டோனை முழுக்க எடுத்துத் துடைச்சுட்டு, வாட்டர் ஜாக்கெட்டின் வடிகால் டாப்பை மூடி, பம்ப் ஓட்டையையும் அடைச்சு, மேல் ஓட்டைகள் வழியா கொதிக்கிற தண்ணி நிரப்புங்க. நிரப்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாலிதீன் பையில் பொடிச்ச ஐஸை உப்பு தூவி பிஸ்டன் தலையில் அழுத்தி வைங்க. பிளாக் 27 டிகிரியிலிருந்து 90க்குப் போனா போர் 0.05 மி.மீ. பெருக்கும். கேக்கச் சின்ன எண், ஆனா துருவுக்கும் ரிங்குக்கும் நடுவே எண்ணெய் நுழைய அது தாராளம். பத்து நிமிஷத்தில் ஐஸை எடுத்துட்டு உடனே தட்டுங்க. ஒரு தடவையில் வரலைன்னா ஆற விட்டு, மறுபடி ஊற வெச்சு, மறுபடி. நாலஞ்சு சுற்று ஆகலாம்.

---

ஷெட்_மணி:

இவ்வளவு எதுக்கு. காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஊத்துங்க, அலுமினியத்தைத் தின்னுடும், இரும்பை ஒண்ணும் செய்யாது. இல்லைன்னா ஹெட்டை மாட்டி, பிளக் ஓட்டையில் நிப்பிள் வெச்சு கிரீஸ் கன் அடிங்க. தானா நகரும்.

---

கிராங்க்கேஸ்:

மணி, காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும் என்பது சரி. எதைத் தின்னும் என்பதில்தான் தப்பு. தலையைத் தின்னும், ஸ்கர்ட்டைத் தின்னும், கடைசியில் போரில் ஒட்டி நிக்கிறது இரும்பு ரிங்கும் துருவும், அதாவது பிடிச்சிருக்கிற பொருள் அப்படியே இருக்கும். நடுவில் ஹைட்ரஜன் வாயு குமிழியா கிளம்பும், கரைசல் கொதிச்சுத் தெறிக்கும், கண் போகும். சலவை சோடா போட்டு மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கிற முறையும் இதே காரணத்தால் பிஸ்டன் உள்ள இருக்கும்போது ஆகாது. காலி பிளாக்குக்கு அது நல்ல முறை.

கிரீஸ் கன் உண்மையிலேயே வலுவான ஆயுதம். போரின் பரப்பு 41.9 சதுர செ.மீ. கிரீஸ் கன்னில் 100 பார் வந்தாலே பிஸ்டன் மேல் நாலு டன்னுக்கு மேல, தலை முழுக்கச் சீரா. ஆனா ராக்கரைக் கழட்டி எல்லா வால்வும் மூடியிருக்கணும், ஹெட் போல்ட்கள் முழு முறுக்கு அளவில் இறுகியிருக்கணும், எல்லாத்துக்கும் மேல பிஸ்டனுக்குக் கீழே போக இடம் இருக்கணும். இவருடைய 3 அடிமட்டத்தில் நிக்குது. கிராங்க் உள்ள இருந்தா எங்க போகும்? நடுவழியில் நின்ன பிஸ்டனுக்கு வெச்சுக்கலாம் அந்த வித்தையை.

அந்த அளவு விசை வேணும்னா வேற வழி: 16 மி.மீ. தகட்டில் ஓட்டை போட்டு, 3ஆவது போரைச் சுத்தியிருக்கிற ஹெட் ஸ்டட்களில் நட்டு போட்டு மாட்டி, தகட்டின் நடுவே ஒரு நட்டை வெல்ட் பண்ணி எம்16 போல்ட்டால் மரக்கட்டையை அழுத்துறது. இறுக்கிட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலையில் கால் திருகு. அதிர்ச்சி இல்லாத, விடாத அழுத்தம். சுத்தியலைவிட இது எனக்குப் பிடிக்கும்.

---

மார்க்2_கோவை:

எல்லாருக்கும் நன்றி. அப்டேட்.

ஃப்ளைவீல், முன் போல்ட் முதலிலேயே தளர்த்தினது பெரிய உதவி. கேப்கள் கழட்டினதும் 1, 4 கையாலேயே வந்துடுச்சு. 2 மரக்கட்டையில் நாலு தட்டில் கீழே அசைஞ்சு, மேல்வழியா வந்துது. கிராங்க் வெளியே.

3: ஆறு நாள் ஊறினது. மூணாவது நாளிலிருந்துதான் மட்டம் இறங்க ஆரம்பிச்சுது. வெந்நீர், ஐஸ் ரெண்டாவது சுற்றில் ஆழம் 89.0இலிருந்து 89.3, அப்புறம் 91.5. சத்தம் மாறுறதும் அப்படியே கேட்டுது. பிளாக்கைக் கவிழ்த்து மேலே அனுப்பினேன். இப்போ தலை மேலிருந்து 40 மி.மீ.யில் நின்னுடுச்சு, பொருக்கு இருந்த இடம். அடிச்சா ஸ்பிரிங் மாதிரித் திரும்புது. இன்னும் பலமா அடிக்கலாமா? கட்டை ஸ்கர்ட் விளிம்பில் உக்காருது.

கேஸ்கெட் இருக்கு. 3க்கும் தண்ணி ஓட்டைக்கும் நடுவே கருப்பு வழிச்சல் தெளிவா தெரியுது.

---

லேத்_மேசை:

நிறுத்துங்க. ஸ்பிரிங் மாதிரித் திரும்புதுன்னா ரிங் குழியில் மாட்டியிருக்கு. அடிச்சா ரிங் உடைஞ்சு ஒரு துண்டு பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே ஆப்பு மாதிரி நுழையும், போரில் மேலிருந்து கீழ வரை கோடு விழும்.

திரும்பக் கீழே 20 மி.மீ. இறக்குங்க, சுலபமா இறங்கும். பொருக்கு இடத்தை மறுபடி 180 எமரியில் தேய்ங்க. குழியை நிரவ வேண்டாம், முடியவும் முடியாது. குழியின் விளிம்பு மேடா நிக்காம இருந்தா போதும், விரல் நுனியில் தடவினா சொரசொரப்பு தெரியலாம், தட்டக் கூடாது. எண்ணெய் தடவி மறுபடி மேலே. மாட்டினா மறுபடி கீழே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மில்லி கூடப் போகும்.

ஸ்கர்ட்டில் அடிக்காதீங்க, ஓரம் பொடிஞ்சிடும். கட்டையின் முனையில் ராடு நுழையிற அளவுக்கு ஆங்கில யூ எழுத்து மாதிரி வெட்டி, ரெண்டு காலும் கட்ஜன் பின் (பிஸ்டனையும் ராடையும் சேர்க்கிற முள்) உக்காரும் தடித்த மேடைகளில் படுற மாதிரி வைங்க. பிஸ்டனில் அதைவிடப் பலமான இடம் கிடையாது. ராடின் பிக் எண்டில் அடிக்கிறதும் தப்பு, கேப் உக்காருற முகம் நசுங்கும்.

இத்தனைக்கும் வரலைன்னா பிஸ்டனைத் தியாகம் பண்ணிடலாம். தலையில் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி 6 மி.மீ. துளைகளை வட்டமா போட்டு, நடுவை உடைச்சு எடுத்து, மீதியை உள்நோக்கி மடக்குறது. துளை ஆழத்துக்கு ட்ரில்லில் டேப் சுத்தி அடையாளம் வைக்கணும். அதுக்கு அவசியம் வராதுன்னு நினைக்கிறேன்.

---

மார்க்2_கோவை:

வந்துடுச்சு! மொத்தம் ஏழு தடவை கீழ, மேல. ரெண்டாவது ரிங் மூணு துண்டா குழிக்குள்ளேயே இருந்தது, மத்த ரிங்குகள் குழியில் ஒட்டி வட்டமா இறுகியிருக்கு. போரில் புதுக் கோடு எதுவும் இல்லை. துருக்குழிகள் மட்டும் 25 முதல் 40 மி.மீ. வரை, பத்துப் பன்னிரண்டு.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, ராடிலிருந்து பிஸ்டனைப் பிரிக்க சின்ன முனையில் ஒரு போல்ட் இருக்கு, அசையலை. வைஸில் ராடைப் பிடிச்சு இழுக்கவா? ரெண்டு, இந்தக் குழிகளோட ரீபோர் (துளையைப் பெருசா கடையிறது) போதுமா, ஸ்லீவ் (உள்ளே புது இரும்புக் குழாய்) போடணுமா?

---

கிராங்க்கேஸ்:

ராடை வைஸில் பிடிக்கவே கூடாது. அந்தப் போல்ட் கட்ஜன் பின்னை ராடோட இறுக்குற கிளாம்ப் போல்ட். ராடைப் பிடிச்சு அதைத் திருப்பினா ராடு முறுக்கிக்கும். பின்னின் ரெண்டு முனையிலும் உள்ளே பொருந்துற மாதிரி ரெண்டு இரும்பு முளைகளைக் கடைஞ்சு நுழைச்சு, அந்த முளைகளை வைஸ் தாடைகளுக்கு நடுவே பிடிங்க. முறுக்கு பின்னிலேயே நின்னுடும், ராடுக்குப் போகாது. அசையாத போல்ட்டுக்கு இரவு முழுக்க அதே ஏடிஎஃப் அசிட்டோன் கலவை. பின்னில் அந்தப் போல்ட்டுக்குன்னு ஒரு வெட்டு இருக்கும், அதனால போல்ட்டைத் தளர்த்தினா மட்டும் பத்தாது, முழுசா வெளியே எடுத்த பிறகுதான் பின் நகரும். திரும்ப மாட்டும்போதும் இதே முளைகள், 25 பவுண்டு அடி, புது பூட்டு வாஷர். பிக் எண்டுக்கு 35, மெயினுக்கு 70.

மாட்டுறதுக்கு முன்னாடி நாலு ராடையும் லேத்தில் வளைவு, முறுக்கு ரெண்டும் பாக்கச் சொல்லுங்க.

---

லேத்_மேசை:

ரெண்டாவது கேள்விக்குக் குழியின் ஆழம் தெரியணும். போர் கேஜ் குழியைக் காட்டாது, மேல தாவிடும். போரில் லேசா கிரீஸ் தடவி, எம்-சீல் பிசைஞ்சு குழிகள் மேல பட்டையா அழுத்துங்க. இறுகினதும் பெயர்த்தா குழி ஒவ்வொண்ணும் மேடா வரும். மேடு உள்ள இடத்திலும் பக்கத்திலும் மைக்ரோமீட்டரில் தடிமன் பாருங்க. வித்தியாசம்தான் ஆழம். அதை ரெண்டால் பெருக்கி, போரின் இப்போதைய விட்டத்தோட கூட்டுங்க.

ஒப்பிட வேண்டிய அளவுகள்: (தவ்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒண்ணு) ஸ்டாண்டர்டு 73.025, 10 தவ் 73.279, 20 தவ் (உங்க பிஸ்டனில் குத்தியிருக்கிற 020) 73.533, 30 தவ் 73.787, 40 தவ் 74.041 மி.மீ. அதுக்கு மேல ஸ்லீவ்தான்.

---

மார்க்2_கோவை:

அளந்தேன். போர் தேய்மானத்தோட அதிகபட்சம் 73.60, நாலு போரும் கிட்டத்தட்ட அதே. ஆழமான குழி 0.30 மி.மீ. கூட்டினா 74.20 வருது. அப்போ 40லும் அடங்காது இல்லையா?

---

லேத்_மேசை:

அடங்காது. 3க்கு மட்டும் ஸ்லீவ் போடுங்க. 1, 2, 4ஐ 30 தவ்வுக்கு ரீபோர் பண்ணுங்க. 73.60இலிருந்து 73.787, தேய்மானமும் 2இன் லேசான துருவும் அதில் போயிடும், 40 இன்னொரு முறைக்குக் கையில் இருக்கும். ஸ்லீவை இறக்கின பிறகு அதையும் 30 தவ்வுக்கே போர் பண்ணி ஹோன் (கல் வெச்சுக் கடைசி மெருகு) போடச் சொல்லுங்க. ஸ்டாண்டர்டு அளவில் விட்டுட்டா ஒரு பிஸ்டன் மட்டும் வேற சைஸ், வேற எடை ஆயிடும். நாலும் ஒரே செட்டா வாங்குங்க, தராசில் போட்டுப் பாருங்க.

வரிசை முக்கியம்: முதல்ல ஸ்லீவ், பிறகு மத்த மூணு. ஸ்லீவை அழுத்தும்போது பக்கத்துச் சுவர் லேசா தள்ளும். முன்னாடியே 2, 4ஐ முடிச்சிருந்தா வட்டம் கெடும். ஸ்லீவின் தலை பிளாக் மட்டத்தைவிட உயரமா நிக்கக் கூடாது, மேல் முகத்தை ஒரு கட் எடுத்தா சமமாகும். கேஸ்கெட் வழிஞ்ச பிளாக், எப்படியும் அந்த முகத்தையும் ஹெட்டையும் சர்ஃபேஸ் பண்ணித்தான் ஆகணும்.

பிளாக்கை லேத்துக்கு அனுப்பும் முன் கேம்ஷாஃப்ட்டை எடுத்துடுங்க. முன்னாடி போல்ட் எல்லாம் கழட்டியும் வரலைன்னா சுத்தியலைத் தேடாதீங்க, டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் இன்னும் உள்ளே பல் கோர்த்து நிக்குது. டாப்பெட் பக்க மூடியின் நீளப் போல்ட், 5/16 யூஎன்எஃப், அதே மரை டிரைவின் தலையிலும் இருக்கு. திருகி நுழைச்சுக் கொஞ்சம் சுத்திக்கிட்டே மேலே இழுத்தா வந்துடும்.

வேலை முடிஞ்சு பிளாக் வந்ததும் ஆயில் கேலரி (பிளாக்குக்குள்ள எண்ணெய் ஓடும் வழி) அடைப்புகளைக் கழட்டி, பாட்டில் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுக் குத்திக் கழுவி, காத்து அடிங்க. எமரித் தூள் ஒரு சிட்டிகை கிராங்க் துளைக்குள்ள போனாலும் புது ஷெல் போச்சு. போரைக் கடைசியா கழுவுறது பெட்ரோலில் வேண்டாம், சுடுதண்ணியும் சோப்பும். வெள்ளைத் துணியால் துடைச்சா துணி வெள்ளையாவே வரணும், அதுவரை கழுவுங்க. உடனே எண்ணெய் பூசிடுங்க, பத்து நிமிஷத்தில் செம்மண் நிறம் ஏறிடும். ரிங் வாயிடைவெளி 8 முதல் 13 தவ், ஒவ்வொரு ரிங்கையும் அதனதன் போரில் வெச்சுத்தான் பாக்கணும்.

---

மார்க்2_கோவை:

கேம் வரலைன்னு நேத்து ராத்திரி முழுக்கக் குழம்பிக்கிட்டு இருந்தேன் அண்ணே, அந்த டிரைவ்தான். போல்ட் போட்டதும் வந்துடுச்சு. பிளாக் நாளைக்கு லேத்துக்குப் போகுது. 30 தவ் செட் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்குமான்னு விசாரிக்கிறேன்.

---

கிராங்க்கேஸ்:

பிளாக்கைக் கொடுங்க, ஆனா பிஸ்டன் செட் கைக்கு வர்ற வரை போர் பண்ண விடாதீங்க. பழைய ஸ்டாக் 30 தவ்வில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஸ்கர்ட் அளவு வேறுபடும். பிஸ்டனை லேத்காரர் மேசையில் வெச்சு, மைக்ரோமீட்டரில் அளந்து, பெட்டியில் போட்டிருக்கிற இடைவெளியைக் கூட்டி, அந்த எண்ணுக்குத்தான் ஹோன் முடியணும். 73.787 என்பது பேருக்கு.